பீருக்குப் பரிகாரம்

மாலை போட்ட மூன்றாம் நாள், ஐந்து கிலோ ஏலக்காய்க்குள் நான் பச்சைக் கற்பூரம் வைத்தேன். மூன்று கட்டி. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. அப்படி வைக்கச் சொல்லி எந்த சாஸ்திரத்திலும் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் நான் சாஸ்திரத்துக்காகக் காத்திருப்பதில்லை. சொந்தமாக ஒன்று எழுதிக்கொள்வேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் என்கிற பழைய யூதர் தெருவை ஒட்டிய ஒரு மசாலாக் கிடங்கில் தரம் பார்ப்பது என் வேலை. சுக்கு, மிளகு, ஏலம், கிராம்பு எல்லாம் என் மூக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். இருபத்திரண்டு வருடமாக இந்த மூக்கை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்து மூக்கு, நீளத்துக்குக் குறைவில்லை.

அந்த வருடம் கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். பக்தியால் போட்டேன் என்று சொன்னால் மலையில் இருப்பவருக்கே சிரிப்பு வரும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொழுப்புக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்து வெலவெலத்துப்போய் நேர்ந்துகொண்டது. டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரையும் போட்டேன், மாலையும் போட்டேன். நாற்பத்தொரு நாள் கறுப்பு வேட்டி, தாடி, செருப்பில்லாத கால், விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். மாமிசம் ஆகாது, மது ஆகாது, பொய்யும் ஆகாது. மாலை போட்டவனை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள். மற்றவர்கள் சொல்லும்போது இல்லாத ஒரு குத்தல் அவள் சொல்லும்போது இருந்தது.

இரண்டாம் நாள் பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தது. அங்கே சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு சின்ன இடம். வருடா வருடம் குளிருக்கென்று ஒரு பீர் காய்ச்சுவார்கள். மார்கழியில் மட்டும் கிடைக்கும். வறுத்த பார்லியில் கறுத்த பீர், அதில் நம்முடைய சுக்கும் மிளகும் ஏலமும். காய்ச்சுகிறவள் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஓசூர்ப் பக்கத்துத் தமிழ் பேசுகிறவள். முந்தின வருடம் மசாலா வாங்க எங்கள் கிடங்குக்கு வந்தாள். ஒரு மாதம் கழித்து ஸ்டீல் பிளாஸ்கில் அந்த பீரை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தாள்.

அன்றைக்கு எனக்கு மாலை இல்லை. சாயா கிளாசில் ஊற்றித் தந்தாள். குடித்தேன். கருப்பட்டிக் காப்பி கொஞ்சம் கோபித்துக்கொண்ட மாதிரி இருந்தது. முதலில் சுக்கு வந்து தொண்டையைத் தட்டியது. மிளகு தாமதமாக, நாக்கின் ஓரத்தில். ஏலக்காய் விழுங்கி முடித்த பிறகுதான் வந்தது. நான் சொன்னேன், "ஏலம் வெக்கப்படறது. இன்னும் கொஞ்சம் முன்னாடி கூப்பிடுங்கோ." அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். என் பேச்சை ஒருத்தர் நோட்டில் எழுதியது அதுதான் முதல் தடவை. அதனால் இந்த வருடம் ஏலக்காய் கூடுதல். அதுவும் நானே கையால் பொறுக்கித் தர வேண்டும் என்று குறிப்பு.

பொறுக்கினேன். பச்சை மங்காதது, வெடிக்காதது, பருத்தது. பொறுக்கப் பொறுக்க மடியில் துளசி மாலை இடித்தது. மாலை போட்ட கையால் பீருக்கு ஏலக்காய் பொறுக்குகிறேனே என்று ஒரு நினைப்பு. அதன் பின்னாலேயே கொழுப்பு எண். சாயங்காலத்துக்குள் என் மனசில் அந்த எண் இரட்டித்து, நெஞ்சு வலித்து, நான் செத்து, கிடங்குக்கு ஒருநாள் விடுமுறையும் விட்டாயிற்று.

மறுநாள் காலையில் வீட்டுப் பூஜை டப்பியிலிருந்து மூன்று கட்டி பச்சைக் கற்பூரம் எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். ஆரத்திக்குக் கொளுத்துகிற கற்பூரம் இல்லை. நான் அவ்வளவு முட்டாள் இல்லை. சர்க்கரைப் பொங்கலிலும் பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் போடுவார்களே, அது. சாமிக்கு ஆகிற பொருள் ஒன்று உள்ளே இருந்தால் அந்த ஏலக்காய் பிரசாதம் மாதிரி ஆகிவிடும், பிறகு அதை யார் எதில் போட்டால் எனக்கென்ன என்பது என் கணக்கு. காகிதத்தில் மடித்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று வெறுமனே உள்ளே செருகி, பையை ஒட்டி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு மனசு லேசாக இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கற்பூரம் காற்றில் கரைந்து பக்கத்தில் இருப்பதிலெல்லாம் ஏறும் என்பது இருபத்திரண்டு வருடம் மசாலாவில் கிடந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். பரிகாரம் செய்கிற நேரத்தில் தெரிந்ததெல்லாம் வேறு அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இருபத்தொன்பதாம் நாள் காலை, சுமையெடுக்கும் சேட்டன் உள்ளே வந்தார். அவரும் தமிழ்தான், இங்கே பள்ளுருத்தியில் பிறந்த, பாதி மலையாளமான தமிழ்.

"சாமீ, பெங்களூரிலேர்ந்து ஒரு சேச்சி வந்நிருக்கு. முகம் கண்டால் இப்போ அழும்னு தோணுது. சாமி வல்லதும் செய்தோ?"

"நான் என்னத்தைச் செஞ்சேன்," என்றேன். விரதத்தில் முதல் பொய். அது பொய் என்று எனக்கே இன்னும் தெரியாது.

அவள் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். கையில் அதே ஸ்டீல் பிளாஸ்க். என் தாடியையும் கறுப்பு வேட்டியையும் பார்த்து எழுந்து நின்றாள்.

"சார், நீங்க மாலை போட்டிருக்கீங்கன்னு தெரியாது."

"பரவாயில்லை, சொல்லுங்கோ."

"பீர்ல மருந்து வாசனை அடிக்குது சாமி. ஆஸ்பத்திரி மாதிரி. ஒரு தொட்டி முழுக்க."

அந்த வாசனை பீர் காய்ச்சுகிறவர்களுக்குப் பழக்கமான பயம் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. தண்ணீரில் குளோரின் தங்கினால் வரும். தொட்டியைச் சரியாகக் கழுவாமல் கண்ட ஈஸ்ட் புகுந்தால் வரும். இரண்டுமே காய்ச்சுகிறவரின் குற்றம். அவளுடைய முதலாளி அதைத்தான் சொல்கிறார். திங்கட்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் தொட்டியைத் தூக்கி வேறு ஒருவர் கையில் கொடுத்துவிடுவார். அன்று வெள்ளிக்கிழமை.

"தண்ணிய மூணு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன். தொட்டிய நானே உள்ள இறங்கிக் கழுவினேன். மத்த பீர் எதுலயும் இல்ல. என் மூக்கு மேலயே நம்பிக்கை போயிடுச்சு. அதான் உங்க மூக்கத் தேடி வந்தேன்."

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள்.

நான் மோந்து பார்க்கவில்லை. அதாகவே வந்தது. மூடி திறந்த அடுத்த நொடி கிடங்குக்குள் ஒரு பெருமாள் கோயில் வந்து நின்றது. துளசி மட்டும்தான் பாக்கி. உள்ளங்கையைக் குவித்து நீட்டினால் பட்டர் தீர்த்தம் விடுவார் போல.

அவள் கிளாசில் ஊற்றி என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் மாலையைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால், முழுகுகிறவன் கட்டையைப் பிடிப்பது மாதிரி.

"விரதம்," என்றேன். "தொடப்படாது."

"ஐயோ, குடிக்க வேணாம் சாமி. மோந்து மட்டும் பாருங்க."

"மோந்தாலே பாதி சாப்பிட்ட மாதிரின்னு பெரியவா சொல்லுவா."

"சரி, தூரத்துலேர்ந்து?"

"தூரத்திலேர்ந்து மோந்தா கால்."

அவள் கிளாசை இறக்கிவிட்டாள். இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் வெறும் கோழை. நிறுத்தவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், ஆறுதல் சொல்கிற மாதிரி, "தண்ணியாத்தான் இருக்கும். டெஸ்ட் எல்லாம் சில நேரம் காட்டாது," என்றேன்.

அவள் பிளாஸ்கைத் திருகி மூடினாள். "நீங்களே சொல்றீங்கன்னா அப்ப நான்தான்," என்றாள். "எங்கேயோ விட்டிருக்கேன்."

வெளியே தெருவில் யாரோ சுற்றுலாக்காரர் கறுப்பு வேட்டி கட்டின தாடிக்காரனை வாசல் வழியாகப் படம் எடுத்தார். அவர் ஊரில் எந்தச் சுவரிலாவது அந்தப் படம் தொங்கினால், அடியில் துறவி என்று எழுதியிருக்கும். அது எடுக்கப்பட்ட நேரத்தில் அந்தத் துறவி ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தவள், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சோறு போட்டால் பாதிப் பாவம் போகும் என்று அடுத்த சாஸ்திரம் தயாராகிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் அவள் மடியில் பிளாஸ்க். வெளிமாநில பீரை வைத்துக்கொண்டு போகலாமா, கூடாதா? சட்டம் எனக்குச் சரியாகத் தெரியாது. தெரியாததால் பயம் இரண்டு பங்கு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு போலீஸ் வண்டியைக் கற்பனை செய்து, சாமியே சரணம் என்று முணுமுணுத்தேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "சாமிக்கு நல்ல பக்தியுண்டு," என்றார்.

வீட்டில் மனைவி இலை போட்டாள். அவியலும் மிளகூட்டானும். அந்தப் பெண் பசியோடு சாப்பிட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மனைவி மேசையிலிருந்த பிளாஸ்கைக் காட்டிக் கேட்டாள்.

"அது என்னாக்கும் கொழந்தே?"

"பீர் ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க, விரத வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கக் கூடாது." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, மருந்து வாசனை, திங்கட்கிழமை. "சாமி மோந்து பார்க்கக் கூடாதாம். தண்ணிதான்னு சொன்னார்."

"மோந்து பார்க்காமயே சொன்னாரா?" என்றாள் மனைவி. என்னைப் பார்க்கவில்லை. அடுக்களைக்குப் போய் ஒரு ஸ்பூனோடு வந்தாள். "மாலை அவர் கழுத்திலேன்னா இருக்கு. இங்கே தா."

"நீ எதுக்கு அதெல்லாம்," என்றேன்.

"பயப்படாதேங்கோ சாமி. ஒரு ஸ்பூன்லே ஆடிட மாட்டேன்."

ஐம்பது வயதுவரை மதுவை வாயில் வைக்காதவள், மருந்து குடிப்பது போல அந்த ஸ்பூனை வாயில் கவிழ்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு சுளித்த முகம் மெதுவாக விரிந்தது. கண்ணை மூடி நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பார்த்தாள். பொங்கலுக்கு வெல்லம் போதுமா என்று பார்க்கும்போது அப்படித்தான் செய்வாள்.

"இது மருந்தொண்ணும் இல்லை. பச்சைக் கற்பூரமாக்கும்."

"கற்பூரமா?" என்றாள் அந்தப் பெண். "பீர்ல கற்பூரம் எப்படி ஆன்ட்டி வரும்?"

எனக்கு அப்போதும் ஒரு வழி இருந்தது. சில தோட்டத்து ஏலக்காயிலேயே கற்பூர வாசம் தூக்கலாக இருக்கும். அது உண்மையும்கூட. வாயைத் திறந்து, "சில தோட்டத்து ஏலம்" என்று தொடங்கிவிட்டேன்.

மனைவி பூஜை அலமாரிக்குப் போய் டப்பியை எடுத்து வந்தாள். அதைத் திறந்து மேசையில், பிளாஸ்குக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டையும் மோந்து பாரு கொழந்தே," என்றாள். பிறகு என்னிடம், ரொம்பச் சாதாரணமாக, "மாலை போட்ட வாரம் வாங்கினது. மூணு கட்டி குறையறதேன்னு நானும் தேடிண்டிருந்தேன்," என்றாள்.

அந்தப் பெண் டப்பியை மோந்தாள். பிளாஸ்கை மோந்தாள். மறுபடி டப்பி. அவள் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். பல நாளாக ஏற்றிவைத்திருந்த தோள்களாக இருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் வெச்சேன்," என்றேன்.

சொன்ன பிறகு ஏதாவது வேடிக்கையாகச் சேர்க்கத் தேடினேன். வாழ்நாளெல்லாம் கைகொடுத்த வாய் அன்றைக்குக் கைவிட்டது. மாலை, கொழுப்பு, பரிகாரம் என்று உளறி முடித்தேன். கிடங்கில் மூடி திறந்தபோதே தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மனைவி டப்பியை மூடாமல் நின்றுகொண்டிருந்ததால் விட முடியவில்லை.

அந்தப் பெண் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "அப்ப என் தொட்டி சுத்தமாத்தான் இருந்திருக்கு," என்றாள். அதையே இன்னொரு தடவை, தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம் போனை எடுத்தாள். "எங்க ஓனர்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டார்."

"விரதம் முடிஞ்சதும் சொல்லட்டுமா? இன்னும் பன்னெண்டு நாள்தான்."

"எனக்குத் திங்கள் வரைக்கும்தான் சாமி."

மனைவி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த இடத்தில் உதவி கிடைக்காது என்று அர்த்தம்.

போன் மேசையில், ஒலிபெருக்கியில். முதலாளிக்குத் தமிழ் புரியும். நான் பெயர் சொல்லி, கிடங்கு சொல்லி, நடந்ததைச் சொன்னேன். குரல் கோயில் மைக்கில் காணாமல்போன குழந்தையை அறிவிப்பது போல வந்தது.

"ஏன் வெச்சீங்க?" என்றார்.

"பாவம் போகணும்னு."

"யாரோட பாவம்?"

"தொட்டி சுத்தமா இருந்தது சார்," என்றேன். "அதைக் காய்ச்சினவர் மேலே ஒரு தப்பும் இல்லை. அதை மட்டும் எழுதிக்கோங்கோ." அவர் எழுதினாரோ என்னவோ, அந்தப் பெண்ணிடம் கன்னடத்தில் நிறையப் பேசினார். அவள் இரண்டு தடவை சரி என்றாள். போனை வைத்துவிட்டு, "தொட்டியக் கொட்டணும்," என்றாள். "என்னை இருக்கச் சொல்லிட்டார்." பிறகு என் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். புறப்படும்போது பிளாஸ்கை எடுத்துக்கொள்ளவில்லை. நான் நினைவுபடுத்தினேன். "உங்களுக்குக் கொண்டுவந்ததுதானே, வெச்சுக்குங்க," என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே எங்கள் கிடங்கு முதலாளியிடம் நானாகப் போய்ச் சொன்னேன். இரண்டாவது ஒப்புதல் முதலாவதைவிடச் சுலபமாக இருக்கும் என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இனி மூக்கு மட்டும் போதும். கை வேண்டாம்," என்றார். அதற்குப் பிறகு நான் தரம் பார்த்துச் சொல்லுவேன். பை கட்டுவது வேறொருவர். அந்த பெங்களூர் இடம் எங்களிடம் ஏலக்காய் வாங்குவதில்லை. இடுக்கியில் ஒரு தோட்டத்திலிருந்து நேராக எடுக்கிறார்களாம்.

பிளாஸ்கை மனைவி ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். "மாவும் புளிச்சதுதான், அதுவும் புளிச்சதுதான், ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கட்டும்," என்றாள். கொட்டிவிடலாமே என்றேன். "யார் கொட்டறது?" என்றாள். நான் கொட்டவில்லை. பன்னிரண்டு நாள், மோர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்த ஸ்டீல் மூடி என்னைப் பார்த்தது.

மலைக்குப் போனேன். கூட்டத்தில் நசுங்கி, ஏறி, நெய்த் தேங்காய் உடைத்தேன். சன்னிதானத்தில் எங்கே திரும்பினாலும் கற்பூரப் புகை. பக்கத்தில் நின்ற சாமிகள் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு தொட்டி பீர் சாக்கடையில் இறங்கும் சத்தம்தான் கேட்டது. கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. திரும்பி வரும் வண்டியில்தான் அது ஞாபகம் வந்து, அய்யய்யோ என்று மறுபடி வியர்த்தேன். அந்தமட்டில் நான் பழைய ஆள்தான்.

வீட்டுக்கு வந்து குளித்து, மாலையைக் கழற்றி, தாடியை எடுத்து, மத்தியானம் அடுக்களையில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பிளாஸ்கை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றினேன். நுரை செத்துப்போயிருந்தது. மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி நின்றது.

கற்பூரம் முதலில் வந்தது, எதிர்பார்த்தபடி. வாயில் வைத்துக்கொண்டு, என் தொழில் எதுவோ அதைச் செய்தேன். அது விலகும்வரை காத்திருந்தேன். அடியில் வறுத்த பார்லி இருந்தது. முந்தின வருடத்தைவிட இன்னும் ஆழமாக, கொஞ்சம் புகை பிடித்த வெல்லம் போல. சுக்கு தட்டவில்லை, மெல்லச் சுட்டது. மிளகு இந்தத் தடவை சரியான நேரத்துக்கு வந்தது. கடைசியில், நான் கேட்டுக்கொண்டபடியே முன்னால் வரப் பார்த்து, கற்பூரத்தின் தோளுக்குப் பின்னால் எட்டி நின்றது ஏலக்காய். அவள் நோட்டில் எழுதிக்கொண்ட ஒன்றையும் விடவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"ரொம்ப நன்னா வந்திருக்கும்," என்றேன்.

அவள் மறுபடி பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள். நான் டம்ளரை முழுக்கக் குடித்துவிட்டு, போனை எடுத்து, பார்லி, சுக்கு, மிளகு, ஏலம் என்று வாயில் வந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் அந்தப் பெங்களூர்ப் பெண்ணுக்கு எழுதி அனுப்பினேன். வேடிக்கை ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.